கரண்ட் போனதற்கு விண்டோஸை ஃபார்மட் செய்யாதீர்கள்

கரண்ட் போய்த் திரும்ப வருகிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் நீலத் திரை, இல்லையென்றால் "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று சுற்றிக்கொண்டே நிற்கிறது. "ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மட் போட்டாதான் சரியாகும்" என்று யாராவது சொல்வார்கள். போட்டால் சரியாகியும் விடும். சில வாரம் கழித்து மறுபடி அதே நீலத் திரை. இந்தத் தடவை பழி ஹார்ட் டிஸ்க் மேல் விழும். மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் யூபிஎஸ்ஸை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ரெக்கவரி டிரைவ், அதாவது அவசரத்துக்கு என்று முன்கூட்டியே செய்துவைக்கும் பென் டிரைவ், கெட்டுப்போன விண்டோஸைச் சரிசெய்யும். ஏன் கெட்டது என்று அதற்குத் தெரியாது. அதனால் ரெக்கவரி பென் டிரைவைச் செருகுவதற்கு முன் மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசை மாறுவதால் வருபவை.

விண்டோஸ் ஓடும் நிலையில் இருந்தால், நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் பகுதியில் சிஸ்டம் என்பதைப் பாருங்கள். கெர்னல் பவர் என்ற பெயரில், 41 என்ற எண்ணுடன் சிவப்புக் குறிகள் வரிசையாக இருந்தால், முறைப்படி ஷட் டவுன் ஆகாமல் மெஷின் பொட்டென்று அணைந்திருக்கிறது என்று பொருள். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) பழுதோ, சூடோ, ஹேங் ஆனதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்ததோ கூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த நேரங்கள் உங்கள் தெருவில் கரண்ட் போன நேரங்களோடு ஒத்துப்போனால் ஆளைப் பிடித்தாயிற்று.

இன்னொரு திருடன் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல். பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை, கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தாலும் போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். செல் செத்தது அதுவரை தெரியாது. நாள் முழுக்க மின்தடை வந்தால்தான் குட்டு வெளிப்படும். தேதி பல வருடம் பின்னால் போய்விடும், எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று பிரவுசர் அலறும். இதைவிட மோசம், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே போர்டில் ஓடும் மென்பொருள்) அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போவது. பழைய போர்டுகள் பலவற்றில் சாட்டா மோடு (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாறிவிடும். விண்டோஸ் தன் டிஸ்க்கைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் நீலத் திரை போடும். பயாஸுக்குள் போய் அந்த ஒரு வரியை மாற்றி, சில பத்து ரூபாய்க்கு ஒரு செல் வாங்கிப் போட்டால் முடிகிற வேலைக்கு, முழு டிஸ்க்கையும் துடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

பச்சை விளக்கை நம்புவது

வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் கொண்ட சீல் வைத்த லெட் ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கும். கரண்ட் இருக்கும்போது இந்த வகை யூபிஎஸ் மெயின்ஸ் மின்சாரத்தைத்தான் கம்ப்யூட்டருக்குக் கடத்துகிறது. பேட்டரிக்கு அப்போது வேலையே இல்லை. எனவே பச்சை விளக்கு எரிவதை வைத்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

சோதிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் ஓடும்போதே சுவிட்சை அணைப்பதும் தவறு. பேட்டரி போயிருந்தால் நீங்களே ஒரு மின்தடையை உண்டாக்கியதாக ஆகும். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பழைய குண்டு பல்பு ஒன்றை, 60 வாட்டோ 100 வாட்டோ, மாட்டுங்கள். சுவர் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் தொடர்பு அப்படியே இருக்கட்டும். பல்பு எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்து, யூபிஎஸ் மேலேயே ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் பேட்டரி எந்த வேகத்தில் தேய்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நன்றாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.7 வோல்ட்டுக்கு மேல் காட்டும். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் சில சமயம் அதையே காட்டும். லோடு கொடுத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். பல்பு எரிந்த சில நொடிகளிலேயே 10.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அந்த பேட்டரியின் கதை முடிந்தது.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதிலும் கணக்கு தப்புகிறது. 12ஐ 7ஆல் பெருக்கினால் 84 வாட் அவர், கம்ப்யூட்டர் 150 வாட், அப்படியானால் அரை மணி நேரம் வரும் என்று போடுகிறார்கள். வேகமாக உறிஞ்சும்போது லெட் ஆசிட் பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது, யூபிஎஸ்ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். புதிய பேட்டரியிலேயே பத்து, பதினைந்து நிமிடம் கிடைத்தால் சரி. வேலையைச் சேமித்துவிட்டு அணைப்பதற்கான நேரம் அது, படம் முடியும் வரை பார்ப்பதற்கு அல்ல.

இந்த பேட்டரிகளின் எமன் வெயில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மூடிய மேசைத் தட்டுக்குள், மேற்குச் சுவரை ஒட்டி வைத்த யூபிஎஸ்ஸுக்கு நம் ஊர் சித்திரை மாதம் என்ன செய்யும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது மாதக்கணக்கில் அணைத்துவைப்பதும் ஆகாது. சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, திரும்ப சார்ஜே ஏறாது.

பேட்டரி மாற்றும்போது

திறந்து பார்த்தால் பேட்டரி உப்பி, கேபினெட்டோடு சிக்கிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி வழி உண்டாக்கிக்கொண்டு மெதுவாக எடுங்கள். மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காதே என்று நினைப்பார்கள். டெர்மினல் இரண்டும் ஷார்ட் ஆனால் பாயும் கரண்ட் உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சிவிடும். புதிய பேட்டரியில் கடைசி ஒயரை மாட்டும்போது சின்னப் பொறி பறந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் சார்ஜ் ஆகின்றன. சிவப்பு, கறுப்பு இடம் மாறினால்தான் போர்டு போகும்.

1 கேவிஏ யூபிஎஸ் பலவற்றில் இரண்டு பேட்டரி தொடராக இருக்கும். ஒன்று மட்டும் போயிருக்கிறது என்று ஒன்றை மட்டும் மாற்றினால், பழையது புதியதையும் சீக்கிரம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் ஆபத்தான சாமர்த்தியம் 600 விஏ யூபிஎஸ்ஸிலிருந்து ஒயரை வெளியே இழுத்து கார் பேட்டரியையோ இன்வெர்ட்டர் பேட்டரியையோ மாட்டுவது. அதன் டிரான்ஸ்ஃபார்மர் சில நிமிடம் ஓடவே செய்யப்பட்டது. மணிக்கணக்கில் ஓடினால் சூடேறி உருகும். அதன் சார்ஜர் அவ்வளவு பெரிய பேட்டரியை நிரப்பவும் நிரப்பாது. லேசர் பிரின்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ஹீட்டர் ஓடும் ஒவ்வொரு தடவையும் ஓவர்லோடு பீப் வரும்.

வீட்டு இன்வெர்ட்டரிலேயே கம்ப்யூட்டரை ஓட்டுபவர்கள் பின்பக்கம் இருக்கும் சின்ன சுவிட்சைப் பாருங்கள். அது யூபிஎஸ் மோடில் இருக்க வேண்டும். நார்மல் மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் ஃபேனுக்குத் தெரியாது, எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெரியும். முழு லோடில் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி விநாடிதான்.

பென் டிரைவில் விடுபட்ட ஒரு டிக்

விண்டோஸிலேயே "கிரியேட் எ ரெக்கவரி டிரைவ்" என்று இருக்கிறது. 16 ஜிபியாவது உள்ள பென் டிரைவ் வேண்டும், 32 ஜிபி என்றால் நிம்மதி. அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதல் திரையில் சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்துக் காப்பி எடுக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். நேரமாகிறது என்று அந்த டிக்கை எடுத்துவிடுகிறவர்கள் பலர். பென் டிரைவ் அப்போதும் உருவாகும், அதிலிருந்து கம்ப்யூட்டர் பூட் ஆகவும் செய்யும். ஆனால் டிஸ்க் முழுதாகப் போன நாளில் அதிலிருந்து விண்டோஸைத் திரும்பப் போட முடியாது.

உங்களுடையது எந்த வகை என்று இப்போதே பார்த்துவிடலாம். பென் டிரைவைச் செருகி, ரீஸ்டார்ட் செய்து, எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவைத் திறங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். கீபோர்டு மொழி கேட்கும் திரை வரும், அதைத் தாண்டி டிரபிள்ஷூட் போங்கள். "ரெக்கவர் ஃப்ரம் எ டிரைவ்" என்ற வரி இருந்தால் முழு டிரைவ். இல்லையென்றால் டிக் விடுபட்டது. பார்த்ததும் வெளியே வந்துவிடுங்கள், அதை அழுத்தி ஆழம் பார்க்க வேண்டாம்.

இந்த பென் டிரைவில் உங்கள் போட்டோவோ டாகுமென்ட்டோ எதுவும் இல்லை. பேக்கப் வேறு, ரெக்கவரி வேறு. பேக்கப்புக்குத் தனி எக்ஸ்டர்னல் டிஸ்க் வேண்டும். தனி அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க்காக இருந்தால் அந்த அடாப்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில், டிஸ்க் சுவரில் என்றிருந்தால் காப்பி ஆகும்போது கரண்ட் போய், உள்ள பேக்கப்பும் கெடும்.

வருடத்துக்கு ஒருமுறை புதிதாக எடுங்கள். விண்டோஸ் 10 காலத்தில் எடுத்த டிரைவ் திரும்பக் கொண்டுவருவது விண்டோஸ் 10ஐத்தான். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றோடு முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு லேப்டாப்பில் எடுத்த ரெக்கவரி டிரைவை நம்பாதீர்கள். அதற்குப் பதில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென் டிரைவில் பொதுவான இன்ஸ்டால் டிரைவ் செய்துகொள்ளலாம். அதைச் செய்ய ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்பதால் முன்கூட்டியே செய்ய வேண்டும்.

பழைய எச்பி லேப்டாப்களில் டி டிரைவ் ரெக்கவரி என்ற பெயரோடு இருக்கும். இடம் இருக்கிறதே என்று அதில் கல்யாண வீடியோவைப் போடக்கூடாது. புதிய விண்டோஸில் ரெக்கவரி பகுதி கண்ணில் படாமல் சில நூறு எம்பியில் இருக்கும். அதை "வேஸ்ட்" என்று பார்ட்டிஷன் மென்பொருளால் அழிப்பவர்கள் கவனிக்க. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், அந்தப் பகுதியில் 250 எம்பி காலியாக இல்லாத கம்ப்யூட்டர்களில் ஏறாமல் எரர் காட்டியது.

புதிய லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலேயே டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் இருப்பதைச் சாவி போட்டுப் பூட்டும் வசதி) ஆன் ஆகியிருக்கலாம். பயாஸ் மாறினாலோ ரெக்கவரிக்குள் போனாலோ 48 இலக்க பிட்லாக்கர் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், போனிலேயே பார்க்கலாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்திருந்தால் டேட்டா இருந்தும் இல்லாத மாதிரிதான். இன்றே காகிதத்தில் எழுதிவையுங்கள், அந்த லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் அல்ல.

ரெக்கவரியைத் தொடங்கும்போது

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கும் நாளில் தொடங்காதீர்கள். யூபிஎஸ்ஸின் பத்து நிமிடம் ரெக்கவரிக்குப் போதாது, பாதியில் நின்றால் முன்பிருந்த அரைகுறை விண்டோஸும் போய்விடும். லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளைக் கழற்றிவிடுங்கள். இன்ஸ்டால் திரையில் டிரைவ் 0, டிரைவ் 1 என்று வரும், எது பேக்கப் டிஸ்க் என்று எளிதில் குழம்பிவிடும். ரெக்கவரியின்போது வரும் "ஃபுல்லி கிளீன் தி டிரைவ்" என்ற தேர்வு கம்ப்யூட்டரை விற்கப்போகிறவர்களுக்கானது.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் கேட்டாலோ, ஓகே கொடுக்கவும் வேண்டாம், செக் டிஸ்க் (டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கருவி) ஓட்டவும் வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கை செக் டிஸ்க் மூலைக்கு மூலை படிக்கவைத்துக் கொன்றுவிடும். வேண்டிய ஃபைல் உள்ளே இருந்தால் உடனே அணைத்து, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். விண்டோஸைப் புதிய டிஸ்க்கில் போட்டுக்கொள்ளலாம்.