ஜாம் ஆன ஸ்ப்ளெண்டர் எஞ்சினைப் பிரித்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று இழுவை குறைந்து நின்றுவிட்டு, பிறகு கிக்கரை மிதித்தால் கல்லை மிதிப்பதுபோல் இருந்தால், எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது என்று பொருள். பல இடங்களில் அடுத்து நடப்பது ஒன்றுதான்: பிளாக்கை (பிஸ்டன் ஓடும் சிலிண்டரை) கழற்றுவார்கள், புதிய பிஸ்டன் செட் போடுவார்கள், மூடிவிடுவார்கள். பழைய பிஸ்டன் எதனால் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் காரணம் எஞ்சினுக்குள்ளேயே இருந்தால், புதிய பிஸ்டனும் அதே வழியில்தான் போகும். ஆகவே இந்தச் செய்முறையில் கழற்றுவதைவிடப் பார்ப்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்கொண்டிருப்பது உறவினர் ஒருவரின் பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். 1994 முதல் நம் சாலைகளில் ஓடும் இந்த வண்டியின் எஞ்சின் 97.2 சி.சி. கொள்ளளவு கொண்டது, போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம் 50 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம் 49.5 மி.மீ. சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருப்பதால், எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்காமலேயே ஹெட்டையும் (சிலிண்டரை மூடும் தலைப்பகுதியையும்) பிளாக்கையும் முன்பக்கமாக உருவிவிடலாம். முதன்முறை எஞ்சின் பிரிப்பவருக்கு இதைவிட எளிய எஞ்சின் கிடைப்பது அரிது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

8, 10, 12, 14, 17 அளவுகளில் ரிங் ஸ்பேனர், டி ஸ்பேனர், 16 மி.மீ. பிளக் ஸ்பேனர், இடைவெளி அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜ், ரப்பர் சுத்தியல், மூக்குக் குறடு, மண்ணெண்ணெய், பழைய துணி ஆகியவை வேண்டும். பழைய வண்டியாக இருந்தால் பக்கக் கவர்களில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் இருக்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவரை வைத்து மல்லுக்கட்டினால் தலை வழுக்கி வீணாகிவிடும் என்பதால், சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மிகவும் நல்லது.

ஓர் அட்டையும் தேவை. கழற்றப்போகும் கவரின் வடிவத்தை அதில் வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்த இடத்திலேயே துளையிட்டுக் குத்தி வையுங்கள். ஒரே கவரில் வெவ்வேறு நீளமுள்ள போல்ட்டுகள் இருக்கும். நீளமானதைக் குட்டையானதின் துளையில் முறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். கைபேசியில் படம் எடுப்பதும் உதவும், ஆனால் எண்ணெய்க் கையோடு கைபேசியைத் தேடுவதைவிட அட்டை வேகமானது.

பெட்ரோல் டேப்பை மூடி, பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். வெளிப்புறச் சேற்றை நன்றாகக் கழுவுங்கள், உள்ளே விழக்கூடாது என்பதற்காக. உள்ளே இருப்பதை மட்டும், பார்த்து முடிக்கும்வரை கழுவாதீர்கள். மண்ணெண்ணெயில் ஒருமுறை முக்கிவிட்டால் சாட்சியங்கள் அனைத்தும் கரைந்துபோகும்.

ஜாமை விடுவித்தல்

எஞ்சின் முழுவதும் ஆறட்டும். கிக்கர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள். கிக்கர் பல் உடைந்தால் செலவு இரட்டிப்பாகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து இரண்டு மூன்று ஸ்பூன் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் கடைசி கியரில் போட்டு, பின் சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். எங்கள் வண்டியும் கரகரவென்ற உரசலோடு சுற்ற ஆரம்பித்தது.

ஜாம் ஆகாமல் வெறுமனே இழுவை குறைந்த எஞ்சின் என்றால், பிரிப்பதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். கம்ப்ரஷன் கேஜை வைத்து அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் பேக்கிங்கிலோ கசிவு இருக்கிறது.

ஆயில் சொல்லும் கதை

அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி, ஆயிலைச் சுத்தமான, அளவு குறித்த பாத்திரத்தில் பிடியுங்கள். எவ்வளவு வந்தது, எப்படி இருந்தது என்ற இரண்டையும் எழுதி வையுங்கள். மிகக் குறைவாக வந்தால் காரணம் பாதி தெரிந்துவிட்டது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளியாய் மின்னும் பொடி அலுமினியம், அதாவது பெரும்பாலும் பிஸ்டன். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு, அதாவது ரிங், கியர் அல்லது பேரிங்.

எங்களுக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் வந்தது. "ஆயில் இல்லாமல் ஓட்டியிருப்பார்" என்று எல்லோரும் உறவினரைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஆயில் போதிய அளவு இருந்தது என்பது முதல் முடிச்சு. வெள்ளிப் பொடியும் நிறையவே மின்னியது.

ஹெட்டைக் கழற்றுதல்

சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி ஓரமாக வையுங்கள். ஹெட்டில் வால்வுகளுக்கு நேராக உள்ள டாப்பெட் மூடிகள் இரண்டையும் திறங்கள். இடப்பக்கக் கவரில் உள்ள மூடியைத் திறந்தால் மேக்னெட் சக்கரம் தெரியும்; அதை இடப்பக்கமிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி, அதில் பொறித்துள்ள 'டி' குறியைக் கவரில் உள்ள குறிக்கு நேராக நிறுத்துங்கள். அப்போது இரண்டு ராக்கர்களையும் (வால்வுகளை அழுத்தும் கைகளை) விரலால் ஆட்டிப் பார்த்தால் லேசான ஆட்டம் இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஆட்டம் இருந்தால் பிஸ்டன் மேலே, இரு வால்வுகளும் மூடிய நிலை என்று பொருள். திரும்பப் பூட்டும்போது இதே நிலைக்கு வர வேண்டியிருப்பதால், கேமின் (ராக்கர்களை அசைக்கும் தண்டின்) பல்சக்கரத்தில் உள்ள வட்டக்குறி ஹெட்டில் எதற்கு நேராக நிற்கிறது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டைமிங் செயின் டென்ஷனரைத் தளர்த்தி, பல்சக்கரத்தின் போல்ட்டுகளைக் கழற்றி, செயின் உள்ளே விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றையும் கால் சுற்றுகளாகத் தளர்த்த வேண்டும். ஒரே மூலையை முழுவதும் அவிழ்த்தால் ஹெட் வளையும். மூடிய நட்டு எது, திறந்த நட்டு எது, செம்பு வாஷர் எந்த ஸ்டட்டில் இருந்தது என்று அட்டையில் குறியுங்கள், ஏனெனில் ஆயில் மேலேறும் வழி ஒரு ஸ்டட்டின் ஓரமாகவே போகிறது. பக்கவாட்டில் உள்ள சிறிய போல்ட்டுகளை மறந்துவிட்டு ஹெட்டை நெம்புவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. ஹெட் வரவில்லையென்றால் ஏதோ ஒரு போல்ட் மிச்சமிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை இடையில் செருகாமல் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள்.

இப்போது நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் மேல் கரி வறண்டு சாம்பல் நிறத்தில் இருந்தால் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போயிருக்கலாம். ஈரமாய், பிசுபிசுப்பாய் இருந்தால் ஆயில் எரிந்திருக்கிறது. பிஸ்டன் தலை உருகியோ ஓட்டை விழுந்தோ இருந்தால் அது ஆயில் சம்பந்தப்பட்டதல்ல, எரிதலில் ஏற்பட்ட அளவு மீறிய சூடு.

எங்கள் எஞ்சினில் பிஸ்டன் தலை ஒழுங்காகவே இருந்தது. கேம்தான் கெட்டிருந்தது: அதன் முகடுகளில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள் விழுந்து, ராக்கர் தேயும் இடமும் சொரசொரப்பாகி, ஆயில் பூச்சே இல்லாமல் காய்ந்து கிடந்தது. கேமுக்கு ஆயில் பம்ப் மூலம் மேலே ஏறி வருகிறது. பிஸ்டனுக்கோ, அதே பம்ப் கிராங்குக்கு (பிஸ்டனால் சுழலும் தண்டுக்கு) அனுப்பும் ஆயில் சுழற்சியில் தெறித்து வருகிறது. வெறும் அதிகச் சூட்டால் பிஸ்டன் ஜாம் ஆகியிருந்தால் கேம் இப்படிக் காய்ந்திருக்காது. கீழே ஆயில் இருக்கிறது, மேலே வரவில்லை.

பிளாக்கும் பிஸ்டனும்

பிளாக்கை உருவுவதற்கு முன், கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடையுங்கள். பிஸ்டன் பின்னின் லாக் (பின்னை நகராமல் பிடிக்கும் சிறு கம்பி வளையம்) தெறித்து உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிளக்க வேண்டிவரும். ஒருமுறை அப்படி விழுந்த லாக்கைக் காந்தத்தால் மீன்பிடிப்பதில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

பிஸ்டனில் கீறல் எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். பின் துளையைச் சுற்றிய நான்கு மூலைகளில் மட்டும் உரசியிருந்தால், பிஸ்டன் சூட்டில் அளவுக்கு மேல் விரிந்திருக்கிறது. மெல்லிய நேர்க்கோடுகள் சீராக மேலிருந்து கீழாக ஓடினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. பிஸ்டனின் கீழ்ப்பக்கமான பாவாடைப் பகுதி முழுவதும் அலுமினியம் இழுபட்டுப் பூசியதுபோல் இருந்தால் ஆயில் படலம் அற்றுப்போயிருக்கிறது. எங்களுடையது மூன்றாம் வகை.

போரை விரலால் தடவி, நகம் மாட்டும் கோடு இருந்தால் அளவெடுக்காமலேயே ரீபோர் (போரைக் கடைந்து பெரிதாக்குவது) என்று முடிவு செய்யலாம். கோடு இல்லையென்றால், லேத் பட்டறையில் போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில் அளந்து தரச் சொல்லுங்கள், அளவுகளுக்குள் 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் போர் கோணிவிட்டது. ரிங்கைச் சோதிக்க, அதை மட்டும் போருக்குள் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். இந்த அளவு போருக்கு 0.5 மி.மீ. தாண்டினால் ரிங் முடிந்துவிட்டது.

அடுத்து, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட். அதை நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. மேல் கீழ் ஆட்டம் துளிகூட இருக்கக்கூடாது. இருந்தால் கிராங்கை வெளியே எடுத்து, புதிய பின்னும் பேரிங்கும் பிரஸ் செய்ய வேண்டும். அது வீட்டில் செய்யும் வேலையல்ல; எஞ்சினைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு ஆட்டம் தெரியவில்லை. நம்ப முடியாமல் மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

காரணம் இருந்த இடம்

ஆயில் மேலே வரவில்லை என்றால் வழியில் எங்கோ அடைப்பு இருக்க வேண்டும். வலப்பக்கம் கிக்கர் லீவரையும் கிளட்ச் கேபிளையும் கழற்றி, கவரைத் திறந்தால் கிளட்சும், கிராங்க் நுனியில் சுழன்றபடியே ஆயிலிலுள்ள அழுக்கை ஓரமாக ஒதுக்கும் வட்ட ஃபில்டரும் தெரியும். கீழே ஒரு காடியில் செருகியிருக்கும் வலைதான் ஆயில் சல்லடை. பம்ப் உறிஞ்சும் ஆயில் முழுவதும் இதன் வழியாகவே போகிறது.

உருவிப் பார்த்தபோது வலையின் பெரும்பகுதியை ரப்பர் போன்ற சாம்பல் நிறத் துணுக்குகள் மூடியிருந்தன. முன்பு எப்போதோ கவரைத் திறந்த ஒருவர், புதிய பேக்கிங் போடாமல் சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசி மூடியிருக்கிறார். வெளியே பிதுங்கியதைத் துடைத்திருப்பார். உள்ளே பிதுங்கியது காய்ந்து, உதிர்ந்து, சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டது. பிளாக் செட் மட்டும் மாற்றியிருந்தால் இது அப்படியே உள்ளே இருந்திருக்கும்.

சரிசெய்தல்

இப்போது தாராளமாகக் கழுவலாம். ஹெட்டைக் கவிழ்த்து, காற்றும் புகையும் போகும் வாய்களில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். வால்வு ஓரமாகக் கசிந்தால் வால்வைக் கழற்றி, கிரைண்டிங் பேஸ்ட் தடவி, உறிஞ்சு குச்சியால் இடமும் வலமுமாகத் தேய்த்து, சீட்டில் அறுபடாத ஒரு சாம்பல் வளையம் வரும்வரை லேப்பிங் செய்யுங்கள். வால்வு ஆயில் சீல்களைப் புதிதாகப் போடுங்கள். ஹெட்டின் முகத்தைத் தடித்த கண்ணாடி மேல் வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் எங்காவது நுழைகிறதா என்றும் பாருங்கள்.

ரீபோர் செய்வதற்கு முன்பே பிஸ்டனை வாங்கிவிடுங்கள். ஓவர்சைஸ் (அளவு கூடிய) பிஸ்டன்கள் 0.25 மி.மீ. படிகளாக வருகின்றன, கையில் இருக்கும் பிஸ்டனுக்கு ஏற்பப் போரை வெட்டுவதுதான் சரியான வரிசை. கேமையும் ராக்கர்களையும் நாங்கள் புதிதாகவே வாங்கினோம். பழைய உதிரி பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை பெயர் போனதுதான், ஆனால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத கேமைப் பழையதாக வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

ஆயில் செல்லும் துளைகள் எல்லாவற்றிலும் காற்று ஊதி, மறுமுனையில் வருகிறதா என்று பாருங்கள். பம்பைத் திறந்து உள்ளே கீறல் இருக்கிறதா என்று சோதியுங்கள். வட்ட ஃபில்டரில் படிந்த சேற்றைச் சுரண்டி எடுங்கள்.

திரும்பப் பூட்டுதல்

பிஸ்டன் தலையில் பொறித்திருக்கும் 'இன்' குறி கார்புரேட்டர் பக்கம், அதாவது இந்த எஞ்சினில் மேல்நோக்கி இருக்க வேண்டும். ரிங்குகளின் எழுத்துள்ள முகம் பிஸ்டன் தலையைப் பார்க்க வேண்டும். வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராமல் 120 டிகிரி விலகியிருக்கட்டும். பின் லாக்குகள் எப்போதும் புதியவை. போரிலும் பிஸ்டனிலும் ஆயில் தடவி, ரிங்குகளை விரலால் அழுத்தியபடி பிளாக்கை மெதுவாக நகர்த்துங்கள். சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை.

ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், இரண்டு மூன்று சுற்றுகளாக, சர்வீஸ் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு முறுக்குங்கள். 'டி' குறியையும் கேம் பல்சக்கரக் குறியையும் எடுத்த படத்தோடு ஒப்பிட்ட பிறகே செயினைப் பூட்டி, மேக்னெட்டை இரண்டு முழுச் சுற்றுக் கையால் சுற்றிக் குறிகள் மறுபடி பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எங்காவது முட்டினால் வலுக்கட்டாயமாகச் சுற்றாதீர்கள், வால்வு வளைந்துவிடும். டாப்பெட் இடைவெளி பழைய மாடல்களில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மி.மீ.; உங்கள் மாடலுக்கான அளவைக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வலக் கவருக்குக் காகிதப் பேக்கிங் மட்டும் போதும், முகம் சுத்தமாக இருந்தால்.

புதிய 10டபிள்யூ30 ஆயில் ஊற்றி, டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வெறுமனே வைத்து எடுத்து அளவு பாருங்கள். உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப்பெட் மூடியைத் திறந்து வைத்துக் கிக்கரை மிதித்துக்கொண்டே இருங்கள். எங்களுக்கு முப்பது நாற்பது மிதிக்குப் பிறகு ராக்கர் ஓரத்தில் ஆயில் மெல்லக் கசிந்து வந்தது. அதன்பிறகே பிளக்கைப் போட்டோம்.

முதல் 500 கி.மீ. வரை வண்டியை விரட்டாமல், ஒரே வேகத்திலும் நெடுநேரம் பிடிக்காமல் ஓட்டச் சொன்னேன். அந்த ஆயிலை மாற்றிய நாளில் வலக் கவரை இன்னொரு முறை திறந்தேன், ஒரு பேக்கிங்கின் விலை போனாலும் பரவாயில்லை என்று. சல்லடையில் இரண்டு சிறு சிலிக்கான் துணுக்குகள் இருந்தன; எந்த மூலையில் ஒளிந்திருந்தனவோ. எடுத்துவிட்டு மூடினேன்.