ஸ்பானிஷ் வகுப்பில் சேரும் முன் உங்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள்

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது வெகு சாதாரணம். செலவு குறைவு என்பதால் நம்மவர்களும் நிறையப் பேர் இந்த வழியில் போகிறார்கள். அவர்களில் பலர் "அயல்மொழி கட்டாயமாம்" என்று யாரோ சொன்னதை நம்பி, முதல் பருவத்திலேயே ஸ்பானிஷ் 1-இல் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஐந்து யூனிட் (பாடத்தின் கிரெடிட் கணக்கு), வாரத்தில் பாதி நாள் வகுப்பு. ஸ்பானிஷ் தெரிந்தால் இந்த ஊரில் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனையை முடிப்பது மட்டுமே நோக்கம் என்றால், பள்ளியில் படித்த தமிழே பல நேரம் போதும்.

முதலில் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். முன்பு, இப்படி மாறுபவர்கள் முடிக்கும் ஐஜெட்சி (IGETC) என்ற பொதுப்பாடத் தொகுப்பில் ஆறாம் பகுதியாக ஆங்கிலம் அல்லாத மொழி இருந்தது. அதுவும் யூசிக்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகம்; பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ எல்லாம் இதன் வளாகங்கள்) மட்டும், சிஎஸ்யூவுக்கு (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) இல்லை. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்கு கால்ஜெட்சி (Cal-GETC) என்ற ஒரே தொகுப்பு. இதில் மொழிப் பகுதியே கிடையாது. அப்பாடா என்று விட்டுவிடாதீர்கள். தொகுப்பிலிருந்துதான் அது போயிருக்கிறது. பட்டம் வாங்கும்போது கேட்கிற கல்லூரிகள் இன்னும் கேட்கின்றன. பெர்க்லியின் லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் கல்லூரி (கலை, அறிவியல் துறைகள் இருப்பது), கல்லூரிப் பாடத்தில் இரண்டாவது செமஸ்டர் அளவுக்கு மொழி கேட்கிறது. யூசிஎல்ஏவின் லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் கல்லூரி மூன்றாவது குவார்ட்டர் (சுமார் பத்து வாரப் பருவம்) அளவுக்குக் கேட்கிறது. சான் டியாகோவில் ரெவெல் கல்லூரிக்குப் போனால் அங்கும் உண்டு. ஆனால் பெர்க்லியிலோ யூசிஎல்ஏவிலோ பொறியியல் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான் போகப் போகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்ற மாநிலங்களில் கதை வேறு. ஃபுளோரிடாவில் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கே ஹைஸ்கூலில் ஒரே மொழியை இரண்டு வருடம் படித்திருக்க வேண்டும், அல்லது கல்லூரியில் எட்டு கிரெடிட்டாவது எடுத்திருக்க வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேரும்போது ஒரு அளவு, கலை அறிவியல் பட்டம் பெற இன்னொரு அளவு. எனவே வேறு மாநிலத்தில் இருக்கும் மாமா பையனின் அனுபவத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சரி, தமிழை எப்படிக் காட்டுவது?

தமிழ்வழியில் படித்தவர்களுக்குத்தான் இது மிகவும் எளிது. இங்கிலீஷ் மீடியம் படிக்கவில்லையே என்று ஊரில் குறைப்பட்டவர்களுக்கு இங்கே லாபம். ஆறாம் வகுப்போ அதற்கு மேலோ, ஆங்கிலம் அல்லாத மொழியில் பாடம் நடத்தும் பள்ளியில் இரண்டு வருடம் படித்திருந்தால் போதும் என்பது பழைய ஆறாம் பகுதியின் விதிகளில் ஒன்று. அதே மாதிரி விலக்கு வேறு பல இடங்களிலும் உண்டு. பயிற்று மொழி தமிழ் என்று பள்ளி எழுதிக் கொடுத்த சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். இலங்கையில் தமிழ்மொழி மூலம் படித்தவர்களும் இப்படியே கேட்கலாம். சாதாரண தரத் (ஓ/எல்) தேர்வுப் பெறுபேற்றை ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் ஆங்கிலவழியில் படித்தவர்களுக்குத்தான். "மீடியம் இங்கிலீஷ் என்று போட்டிருக்கிறதே, விலக்கு கிடையாது" என்று கல்லூரியின் கவுன்சிலர் (பாட ஆலோசகர்) சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடாதீர்கள். அவர் பயிற்று மொழியைப் பார்க்கிறார், நீங்கள் பாடத்தைக் காட்டுங்கள். தமிழக மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் பட்டியலில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். சிபிஎஸ்இ-யில் தமிழ் எடுத்திருந்தால் 006 என்ற குறியீட்டுடன் இருக்கும். அமெரிக்கக் கணக்கில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஹைஸ்கூல். ஆகவே ஒன்பது, பத்து இரண்டிலும் தமிழ் படித்தவர், ஹைஸ்கூலில் இரண்டு வருடம் மொழி படித்தவர்தான். பத்தாம் வகுப்புக்கு போர்டு பட்டியல் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குத்தான் எதுவும் இருக்காது, ரேங்க் கார்டு எங்கே போனதென்று அம்மாவுக்கும் தெரியாது. விமானம் ஏறும் முன்பே பள்ளிக்குப் போய், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பாடவாரியாக மதிப்பெண் போட்ட டிரான்ஸ்கிரிப்டைத் தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரையுடன் ஒட்டிய உறையில் வாங்குங்கள். இரண்டு மூன்று பிரதி வாங்குவது நல்லது. இங்கே வந்தபிறகு ஊரிலிருக்கும் சித்தப்பாவை அலையவிடுவதைவிட இது சுலபம்.

பெர்க்லி மாதிரி, கல்லூரி மொழிப் பாடத்துக்கு ஈடாக ஹைஸ்கூலில் மூன்று வருடம் கேட்கும் இடங்களில் இன்னொரு இடறல் உண்டு. மார்க் வருமென்று ப்ளஸ் ஒன்னில் தமிழை விட்டு பிரெஞ்சுக்கு மாறியவர்களுக்குத் தமிழில் இரண்டு வருடம், பிரெஞ்சில் இரண்டு வருடம் என்று பிரிந்து நிற்கும். கேட்பது ஒரே மொழியில். கூட்டிக் காட்ட முடியாது.

காகிதம் போதவில்லை என்றால் தேர்வு எழுதலாம். கல்லூரி கிரெடிட் தரும் ஏபி (AP), கிளெப் (CLEP) தேர்வுகளில் தமிழ் கிடையாது, அங்கே தேட வேண்டாம். ஆக்ட்ஃபெல் (ACTFL) அமைப்பின் ஓபிஐ (OPI) என்ற வாய்மொழித் தேர்வு தமிழில் உண்டு. அவான்ட் (Avant) நிறுவனத்தின் ஸ்டாம்ப் (STAMP) தேர்வும் உண்டு. ஓபிஐ தொலைபேசியில் பதினைந்து முதல் முப்பது நிமிடம் நடக்கும். குடும்பம், சாப்பாடு என்று தொடங்கி, நடந்த ஒன்றை விவரிக்கச் சொல்லி, பிறகு ஏதாவது ஒரு பொது விஷயத்தில் கருத்துக் கேட்பார்கள். இந்த மூன்றாவது கட்டத்தில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். "கவர்ன்மென்ட் பாலிசி என்னன்னா..." என்று ஆரம்பித்து வாக்கியம் முழுக்க ஆங்கிலமாகிவிடும். அதனால் ஒரு வாரம் செய்தித்தாள் படித்து, படித்ததை யாரிடமாவது தமிழிலேயே சொல்லிப் பழகுங்கள். ஸ்டாம்ப்பில் எழுதவும் வேண்டும், எனவே தமிழில் தட்டச்சு செய்யவும் பழக வேண்டும். பணம் கட்டும் முன், நீங்கள் சேரப்போகும் கல்லூரி எந்தத் தேர்வை, எந்த நிலையில் ஏற்கிறது என்று கேட்டுவிடுங்கள். பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்கள் போல் தமிழ்த்துறையோ தமிழ் ஆசிரியரோ உள்ள இடங்களில் அவர்களே தேர்வு வைக்கிறார்களா என்றும் விசாரிக்கலாம்.

இந்த வழிகளில் எதில் முடித்தாலும் பெரும்பாலும் நிபந்தனை மட்டுமே தீரும், யூனிட் கிடைக்காது. யூசிக்கு மாற 60 செமஸ்டர் யூனிட் தேவை. மொழி வகுப்பின் பத்து யூனிட்டை அந்தக் கணக்கில் வைத்திருந்தால், அந்த இடத்தை வேறு பாடத்தால் நிரப்ப வேண்டும். எந்தப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்று காட்டும் அசிஸ்ட் (ASSIST) தளத்தில் உங்கள் கல்லூரியையும் போகவிருக்கும் வளாகத்தையும் போட்டு, உங்கள் மேஜருக்கு (முதன்மைப் பாடம்) வேண்டிய பாடத்தால் நிரப்பினால் இரட்டை லாபம்.

எதுவும் ஒத்துவராமல் வகுப்பில்தான் சேர வேண்டும் என்றால், ஒரே மொழியில் முதல் பாடம், இரண்டாம் பாடம் என்று வரிசையாக எடுக்க வேண்டியிருக்கும். கடைசிப் பருவத்துக்குத் தள்ளினால் இரண்டாவதற்கு நேரம் இருக்காது. பல இடங்களில் அமெரிக்க சைகை மொழியையும் ஏற்கிறார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் வகுப்புதான், அதிலும் மூன்று யூனிட்தான் சேரும். மொழி வகுப்பு ஆன்லைனில் மட்டும் இருந்தால், பதிவு செய்யும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.