ஸ்பாம் மெயில் இன்பொக்ஸிலேயே விழுந்த கதை

புறக்கோட்டையில் உள்ள எங்கள் கந்தோரின் மெயில் சேர்வரில் ஓடுவது பொஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை வாங்கி அனுப்புவது) டவ்கொட்டும் (மெயில் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது). ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டி குப்பை மெயிலைச் சரியாகப் பிடித்து, தலைப்பகுதியில் ‘எக்ஸ்-ஸ்பாம்-ஃபிளாக்: யெஸ்’ என்று முத்திரையும் குத்திவிடும், ஆனால் மெயில் மட்டும் ஜங்க் ஃபோல்டருக்குப் போகாமல் விலை கேட்டு வருகிற மெயில்களோடு இன்பொக்ஸிலேயே குந்தியிருக்கும்.

முதலில் மெயிலை ஃபோல்டர்களுக்குப் பிரித்துப்போடுகிற சீவ் ஸ்கிரிப்டில்தான் சந்தேகம். திருப்பி எழுதினேன், கம்பைல் செய்தேன், ஃபைல் உரிமைகளைப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. எரிச்சல் என்னவென்றால், அதே மெயிலை சீவ்-டெஸ்ட் என்ற சோதனைக் கருவிக்குக் கொடுத்தால் ஜங்குக்குத்தான் போகும் என்று அழகாகச் சொல்லும்!

அப்புறம்தான் பொஸ்ட்ஃபிக்ஸ் நடந்ததையெல்லாம் பதிகிற லொக்கில் அது கண்ணில் பட்டது. ‘ஸ்டேட்டஸ்=சென்ட்’ என்று கண்டவுடன் எல்லாரும் தாண்டிவிடுவோம்; அதே வரியில் கொஞ்சம் முன்னால் ‘ரிலே=வர்ச்சுவல்’ என்று இருந்தது. அதாவது பொஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை டவ்கொட்டிடம் கொடுக்காமல் தானே நேராக மெயில்டிரில் (மெயில்கள் சேமிக்கப்படும் ஃபோல்டர்) எழுதிவிடுகிறது. புதிதாக வரும் மெயிலுக்கு சீவ் ஓடுவதோ, மெயிலைப் பெட்டியில் சேர்க்கிற டவ்கொட்டின் எல்எம்டிபி அல்லது எல்டிஏ வழியாக மெயில் போனால் மட்டுந்தான்.

சரி, பொஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகள் உள்ள மெயின்.சிஎஃப் ஃபைலில், மெயிலை யாரிடம் கொடுப்பது என்று சொல்கிற வர்ச்சுவல்_டிரான்ஸ்போர்ட்டை டவ்கொட்டின் எல்எம்டிபி சொக்கெட்டுக்குத் திருப்பினேன் (ஒன்றும் எழுதாவிட்டால் அதன் இயல்பு மதிப்பு வர்ச்சுவல்தான்). டவ்கொட் பக்கம் எல்எம்டிபிக்கான மெயில்_பிளகின்ஸ் வரியில் சீவையும் சேர்க்க வேண்டும், அதை விட்டால் மறுபடியும் இன்பொக்ஸ்தான். இரண்டையும் ரீலோட் செய்ததும் அடுத்து வந்த லொத்தர் மெயில் நேரே ஜங்குக்குப் போனது, அப்பாடா. ஏற்கெனவே வந்து கிடக்கிறவற்றை சீவ் தானாகத் தொடாது. அவற்றைக் கையால்தான் நகர்த்தினேன்.