தாயகப் பயணமும் நுளம்புக் கடியும்: குடும்பத்துக்கு ஏற்ற இயற்கை விரட்டியைத் தேர்ந்தெடுத்தல்

இயற்கையானது என்று சிட்டையில் அச்சிட்டிருப்பதால் மட்டும் ஒரு நுளம்பு விரட்டி பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானதாகிவிடாது; அது நுளம்பை உண்மையிலேயே விரட்டும் என்பதற்கும் அந்தச் சொல் சான்றல்ல. புலம்பெயர் நாடுகளிலிருந்து இலங்கைக்குச் செல்லும் குடும்பங்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுப் பார்க்க வேண்டும். தோலுக்கும் மூச்சுக்கும் இது தீங்கு செய்யுமா? டெங்குவைப் பரப்பும் நுளம்பை எவ்வளவு நேரத்துக்கு அண்டவிடாமல் வைத்திருக்கும்? டெங்கு பரவும் ஊரில், அரைகுறையாக வேலை செய்யும் விரட்டி எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும் அதைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

பெற்றோர் காலத்து மலேரியா அச்சம் இன்றைய இலங்கைக்குப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அந்நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. டெங்குவோ ஆண்டு முழுவதும் இருக்கிறது. 2017இல் மட்டும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாயினர். மே முதல் ஜூலை வரையான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கொழும்பிலும் மேல் மாகாணத்திலும், ஒக்டோபருக்குப் பின் வரும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் அது கூடுகிறது. பாடசாலை விடுமுறையில் ஜூலை, ஓகஸ்டில் போகிறவர்கள் யாழ்ப்பாணம் அப்போது காய்ந்து கிடக்கும் என்று எண்ணி அலட்சியமாக இருப்பதுண்டு. ஆனால் அவர்களில் பலர் முதலில் தங்குவது கொழும்பிலுள்ள வெள்ளவத்தையில் என்பதை மறந்துவிடக் கூடாது. மார்கழி விடுமுறைக்கும் தைப்பொங்கலுக்கும் செல்வோருக்கு யாழ்ப்பாணமே கவனத்துக்குரிய இடம். 2023 இறுதியில் அங்கு டெங்கு கடுமையாகப் பரவியது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. விடிந்த பின்னான சில மணி நேரமும் பொழுதுபடுவதற்கு முன்னான சில மணி நேரமும் அதன் சுறுசுறுப்பு மிகுதி. இரவில் காதருகே இரைந்து நித்திரையைக் கெடுக்கும் கியூலெக்ஸ் நுளம்புக்கு மட்டும் ஆயத்தம் செய்துவிட்டுக் காலையில் பிள்ளைகளை அரைக் காற்சட்டையுடன் வளவில் விளையாட விடுவது வழக்கமாக நடக்கும் தவறு. நல்லூர்த் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். ஆண்கள் மேற்சட்டையின்றி வேட்டியுடன் நிற்கிறார்கள். காலைப் பூசையும் மாலைப் பூசையும் அந்த நுளம்பு கடிக்கும் நேரத்தில்தான் வருகின்றன. கோயிலுக்குப் புறப்படும் முன் முதுகிலும் தோளிலும் விரட்டியைப் பூசுவது பக்திக்கு எவ்விதத்திலும் குறைவல்ல.

தாவரத்திலிருந்து வந்த விரட்டிகளுள், செயற்கை விரட்டிகளுக்கு அருகில் வைத்துப் பேசத் தகுந்தது ஒன்றே ஒன்று. எலுமிச்சை மணமுள்ள ஒருவகை யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து எடுத்துப் பதப்படுத்தப்படும் பி.எம்.டி. என்னும் பொருள்தான் அது. சுமார் 30 விழுக்காடு செறிவுள்ள தயாரிப்பு பல மணி நேரம் காப்பளிக்கும், ஆயினும் வெயிலிலும் வியர்வையிலும் அந்த நேரம் சுருங்கும். சிட்டையில் பி.எம்.டி. என்ற பெயரும் விழுக்காடும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வாசனைக்காக விற்கப்படும் எலுமிச்சை யூகலிப்டஸ் நறுமண எண்ணெய் இதுவன்று. அதில் இப்பொருள் மிகக் குறைவு, விரட்டியாக அது சோதிக்கப்பட்டதுமன்று. இவ்விரண்டும் கடைத்தட்டில் அருகருகே இருக்கக்கூடும் என்பதால் ஏமாறுவது எளிது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பி.எம்.டி. பூசக் கூடாது என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் அறிவுறுத்துகிறார்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதே முதன்மையான கவலை. இதை ஊரில் தேடி அலையாமல் புறப்படும் முன்பே வாங்கிப் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள்; கைப்பையில் கொண்டுபோவதானால் பெரும்பாலான விமான நிலையங்களில் போத்தல் 100 மில்லிலீற்றருக்கு மேற்படக் கூடாது.

சிட்ரோனெல்லா எண்ணெய் இலங்கைக்கு அந்நியமானதல்ல. தென்னிலங்கையில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு ஏற்றுமதியும் செய்யப்பட்ட ஒரு புல்லிலிருந்து அது வடிக்கப்படுகிறது. மணம் இனியது, நுளம்பையும் விரட்டும். ஆனால் விரைவில் ஆவியாகிவிடுவதால் அதன் காப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசிக்கொண்டிருக்க யாரும் விடுமுறைக்குப் போவதில்லை. கனடாவில் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். இந்த எண்ணெய் தோய்ந்த கைவளையங்கள் வளையத்தைச் சுற்றிய சிறு இடத்துக்கு வேண்டுமானால் உதவலாம், கால்களைக் காக்க மாட்டா. மீயொலி எழுப்பும் கருவிகளாலும், உள்ளி தின்பதாலும், பி விற்றமின் குளிசைகளாலும் பயனில்லை. தேசிக்காய்ச் சாற்றைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகிக் கொப்புளமாகலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வேப்பெண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதன் மீது நம்மவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை பெரியது. தேங்காயெண்ணெயில் சிறிதளவு வேப்பெண்ணெயைக் கலந்து பூசுவதால் நுளம்புக் கடி குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன, மலேரியா நுளம்புக்கு எதிராகக் கிடைத்த பலன் பகலில் கடிக்கும் ஏடிஸுக்கு எதிராக அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே பெரியவர்கள் மாலை வேளையில் பூசிக்கொள்வதில் தவறில்லை, டெங்குவுக்கான ஒரே காவலாக அதை நம்புவது தவறு. இதைவிட முக்கியமானது, வேப்பெண்ணெய் குழந்தையின் வாய்க்குள் போகக் கூடாது. சில மில்லிலீற்றர் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் ஏற்பட்டு, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டு, சிலர் இறந்தும் போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கையை வாயில் வைத்துச் சூப்பும் வயதில் உள்ள பிள்ளைக்கு அதைப் பூசாமல் விடுவதே மேல்.

கர்ப்பூரமும் அவ்வாறே. தட்டில் கர்ப்பூரத்தை வைத்துச் சூடாக்கினால் நுளம்பு ஓடும் என்று ஊரில் சொல்வார்கள். அறை மூலையில் தண்ணீரில் கரைத்தும் வைப்பார்கள். தவழும் பிள்ளை அதில் சிறு துண்டொன்றை விழுங்கினாலும் சிறிது நேரத்தில் வலிப்பு வரலாம். யூகலிப்டஸ் எண்ணெயும் விழுங்கப்பட்டால் ஆபத்தானது. அலுமாரியில் துணிகளுக்கிடையே கிடக்கும் பூச்சி உருண்டையை இந்த வரிசையில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. ஜி6பிடி என்னும் நொதியம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, நெப்தலீன் உருண்டையின் ஆவி ஏறிய துணியை உடுத்துவதாலேயே செங்குருதிக் கலங்கள் சிதையக்கூடும். நீண்ட நாள் மடித்து வைத்திருந்த போர்வைகளைக் குழந்தைக்கு விரிக்கும் முன் தோய்த்து வெயிலில் காயப் போடுங்கள்.

வேப்பிலை, நொச்சியிலைப் புகையும் சாம்பிராணியும் நுளம்பை விலக்குவது உண்மை. எனினும் புகை எதிலிருந்து வந்தாலும் நுரையீரலுக்குப் புகையே. நுளம்புச்சுருள் ஒன்று எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளுக்கு ஈடாகும் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. மூலிகை மணம் ஊட்டப்பட்ட சுருளும் எரிந்துதான் வேலை செய்கிறது. முற்றத்தில், காற்றோட்டமான இடத்தில், பெரியவர்கள் இருந்து கதைக்கும்போது சற்றுப் புகை போடலாம்; பூட்டிய அறையில், ஆஸ்துமா உள்ள பிள்ளையோ கைக்குழந்தையோ கர்ப்பிணியோ படுத்திருக்கும் இடத்தில் வேண்டாம். சுவரில் செருகும் திரவ விரட்டிகளும், பெட்டியில் இலையும் பூவும் வரையப்பட்டிருந்தாலும், பெரும்பாலும் செயற்கைப் பூச்சிக்கொல்லியே. சிட்டையின் சிறிய எழுத்தில் அது இருக்கும்.

உண்மையில் மிகப் பாதுகாப்பான இயற்கை வழிகள் போத்தலில் வருவதில்லை. கைக்குழந்தைக்கு நுளம்பு வலை போன்று எதுவுமில்லை. பகல் நித்திரைக்கும் அதைக் கட்டுங்கள், ஏனெனில் ஏடிஸ் கடிப்பது அப்போதுதான். நுளம்பு பலவீனமாகப் பறப்பது, ஆகவே மேசை மின்விசிறியைக் கால்களின் பக்கம் திருப்பி வைத்தாலே கடி வெகுவாகக் குறையும். வெக்கையில் முழுக்கைச் சட்டை முடியாது என்பவர்கள் மெல்லிய, வெளிர்நிறப் பருத்தித் துணியில் தளர்வாகத் தைத்த உடுப்புகளை முயலலாம்.

இயற்கை வழியை விரும்புகிறவர்களும் ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். டெங்கு உச்சத்தில் இருக்கும்போது மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையை வெளியே கூட்டிச் செல்வதாயின், தாவர விரட்டிகளில் அவர்களுக்கு ஏற்றது எதுவும் இல்லை. அந்த இடத்தை இகாரிடின் என்றும் பிகாரிடின் என்றும் அழைக்கப்படும் செயற்கைப் பொருளோ, டீட் என்னும் செயற்கை விரட்டியின் செறிவு குறைந்த தயாரிப்போ நிரப்ப வேண்டும். அமெரிக்காவில் இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் கனடாவில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் எந்த விரட்டியும் பூச வேண்டாம் என்கிறார்கள். இரண்டில் கடுமையானதைப் பின்பற்றுவதில் நட்டமில்லை. கர்ப்பிணிகள் சிட்டையில் உள்ளபடி டீட் பயன்படுத்தலாம் என்பதே மருத்துவ அறிவுரை. கர்ப்பகாலத்தில் வரும் டெங்கு தாய்க்கும் சிசுவுக்கும் செய்யக்கூடிய தீங்கு அதைவிடப் பெரிது.

எதைப் பூசினாலும் முறை ஒன்றே. வெயிற்காப்புக் களிம்பை முதலில் பூசி அது ஊறிய பின் விரட்டியைப் பூசுங்கள். பிள்ளையின் முகத்தில் நேரே தெளிக்காமல் உங்கள் கையில் எடுத்துத் தடவி, கண், வாய், உள்ளங்கை, காயம்பட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். உடுப்பு மூடிய இடத்துக்குத் தேவையில்லை. வீடு திரும்பியதும் கழுவிவிடுங்கள். புதிய பொருளைப் புறப்படுவதற்குச் சில நாள் முன்பே முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிப் பார்த்தால், தடிப்பு வருமா என்பது ஊருக்குப் போகுமுன்னரே தெரிந்துவிடும்.

ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து தங்குவோருக்கு விரட்டியைவிட முந்திய வேலை ஒன்று இருக்கிறது. கூரைப் பீலி, கழிவறைத் தண்ணீர்த் தொட்டி, மேல்நிலைத் தாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, வளவில் கிடக்கும் இளநீர்க் கோம்பை, சிரட்டை, பழைய ரயர் ஆகியவற்றை முதல் நாளிலேயே யாரையாவது கொண்டு பார்த்துவிடுங்கள். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் வறண்ட நிலையிலும் பல மாதம் உயிர்ப்புடன் இருக்கும் என்பதால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிணறுகளிலும் சற்று உவரான நீரிலும்கூட இந்நுளம்பின் குடம்பிகள் காணப்பட்டுள்ளன, ஆகவே கிணற்றுக்கு வலை மூடி இடுங்கள். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரியது. ஆளில்லாத வீட்டின் உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சாட்டாக ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் கண்டால், இலங்கை சென்று வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சிறுவயதில் ஒருமுறை டெங்கு வந்து போனவருக்கு வேறொரு வகை டெங்கு வைரஸ் தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூடுதல் என்பதால், ஊரில் வளர்ந்த பெற்றோர் தங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. டெங்கு இல்லையென்று உறுதியாகும் வரை அஸ்பிரின், ஐபுபுரோபென் வேண்டாம், பரசிற்றமோல் போதும். காய்ச்சல் தணியும் நாளில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல்முரசில் இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.