ஆழ்துளைக் கிணற்று நீரை நச்சுப் பரிசோதனைக்கு அனுப்பும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் பிள்ளைகளின் முன்பற்களில் காணப்படும் பழுப்புக் கோடுகள், பல் துலக்காததால் வந்த கறை அல்ல. பல் உருவாகும் வயதில் குடித்த நீரின் புளோரைடு பல்லின் மேற்பூச்சைக் கெடுத்ததன் அடையாளம் அது. 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் இந்நோயை ஆராய்ந்து வெளியிட்ட பிறகும், தம் கிணற்று நீரில் எவ்வளவு புளோரைடு இருக்கிறது என்பதை அறியாமலே குடித்துவரும் குடும்பங்கள் ஏராளம். அதை அறிந்துகொள்ள ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலும் சற்றுப் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில், நாக்கையும் டிடிஎஸ் மீட்டரையும் நம்புவதை விட்டுவிட வேண்டும். அந்த மீட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டுமே தவிர, அவற்றுள் நஞ்சு எது என்று சொல்லாது. கருங்கல் பாறையிலுள்ள பயோடைட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. கால்சியம் மிகுந்த கடின நீரில் அது கால்சியத்தோடு சேர்ந்து பெருமளவு படிந்துவிடும். சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரிலோ கரைந்தபடியே நிற்கும். ஆகையால், பருப்பு நன்றாக வேகிறது, சோப்பு நன்றாக நுரைக்கிறது என்று ஊரே மெச்சுகிற கிணற்றில்தான் புளோரைடு கூடுதலாக இருக்கக்கூடும்.

மாதிரி எடுக்கும் நாளில் மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, குழாய்க்குள் தேங்கிக் கிடந்த நீர் முழுவதும் வெளியேறிய பின், மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் முன்னுள்ள குழாயிலிருந்தே பிடியுங்கள். பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி இறுக மூடி, கிணறு இருக்கும் இடம், ஆழம், தேதி, நேரம் ஆகியவற்றை அழியாத மையால் அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் இரண்டு கிணறுகளின் பாட்டில்கள் மாறிப்போகும். புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடிப் பாட்டில் கூடாது. நைட்ரேட்டும் பார்க்க வேண்டுமானால், நுண்ணுயிர்கள் அதன் அளவை மாற்றிவிடாதபடி பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். ஆர்சனிக், ஈயம் முதலியவற்றுக்கு நைட்ரிக் அமிலம் சேர்த்த தனிப் பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். அமிலம் இல்லையென்றால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், முடிவு குறைவாக வரும். அந்தப் பாட்டிலை மட்டும் அலசக்கூடாது.

ஈயத்தின் கதை வேறு. அது பெரும்பாலும் கிணற்றிலிருந்து வருவதில்லை. வீட்டுக் குழாயிலிருந்தும் அதன் இணைப்புகளிலிருந்தும் வருவது. எனவே இரவு முழுதும் தேங்கிய நீரை, விடியற்காலையில் குழாயை முதன்முதலாகத் திறந்தவுடனே பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் 2014-இல் நீராதாரத்தை மாற்றியபின் ஈயம் கரைந்து வந்தபோது, மாதிரி எடுப்பதற்கு முந்தைய இரவே குழாயைத் திறந்துவிடும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்த வழக்கம் உண்மையான அளவை மறைத்துவிடும் என்பதை வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழுவினர் வலியுறுத்தினார்கள். எங்கே, எந்த நேரத்தில் பிடித்த நீர் என்பதை மாற்றினால் விடையே மாறிவிடும். என் பார்வையில், ஆய்வகக் கருவியின் நுட்பத்தைவிட இதுவே முக்கியம்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். ‘நீர் பரிசோதனை’ என்று பொதுவாகக் கேட்காமல், புளோரைடு, நைட்ரேட்டு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அறிக்கையில் லிட்டருக்குப் புளோரைடு 1.0 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. நைட்ரேட்டுக்கு வரம்பு 45. ஆனால் அறிக்கை ‘நைட்ரேட்டு’ என்ற கணக்கிலா, ‘நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜன்’ என்ற கணக்கிலா என்று பாருங்கள். இரண்டாவது கணக்கில் 10 என்பதே ஏறத்தாழ அந்த 45 ஆகும். பத்துதானே என்று அமைதியாக இருந்துவிட்டால், புட்டிப்பால் கலக்கும் நீர் வழியாகக் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும் ஆபத்து உண்டு.

அளவு மிகுந்திருந்தால் காய்ச்சிக் குடிப்பதில் பயனில்லை. நீர் ஆவியாகக் குறையுமே தவிர, புளோரைடும் நைட்ரேட்டும் பாத்திரத்திலேயே செறிந்து நிற்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில் அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கிவிட்டு, கிணற்று நீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளலாம். சோறு வடிப்பதும் குழம்பு வைப்பதும் குடிநீர்க் கணக்கில்தான் சேரும். ஆர்.ஓ. கருவி வைத்திருப்பவர்கள், சவ்வு பழுதாகும்போது புளோரைடும் கசிந்து வரும் என்பதால், கருவியிலிருந்து வெளிவரும் நீரையும் ஆண்டுக்கொரு முறை இதே முறையில் பாட்டிலில் பிடித்து அனுப்ப வேண்டும். கிணற்று நீரையோ, மழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் பார்ப்பது நல்லது.