விலை கேட்டதும் பேச்சு முடிந்துவிடுகிறதா?

பேச வரவில்லை என்று வருந்துகிறவர்களில் பாதிப் பேருக்குக் கேட்க வரவில்லை என்பதுதான் நிஜம். நானும் அப்படித்தான். பாம்பனில் மீன் வாங்கப் போனால் "என்ன விலை?" என்பேன். பதில் வரும். அத்தோடு சரி.

ஒருநாள் சும்மா, "அக்கா, இது வடகடல் மீனா, தென்கடல் மீனா?" என்று கேட்டுவைத்தேன். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. "தென்கடல்தான் தம்பி. நேத்து காத்து சரியில்ல, வலையே போடல. இன்னைக்குத்தான் வந்துச்சு" என்றார். நான் அவர் சொன்னதிலேயே ஒரு நுனியைப் பிடித்தேன்: "எந்தக் காத்து அடிச்சா வலை போட மாட்டாங்க?" அப்புறம் கால் மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. நகரை மீனுக்குப் புளி எவ்வளவு என்பது வரை வந்துவிட்டது!

இவ்வளவுதான் பயிற்சி. எண்ணிலோ 'ஆமா, இல்ல'யிலோ முடியாத ஒரு கேள்வி. பதிலிலிருந்தே அடுத்த கேள்வி. தினமும் ஒரு புது ஆளிடம் போதும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பக்கத்து சீட்டில் ஆரம்பிக்கலாம்.

மீன் ஏலம் நடக்கும்போது மட்டும் வேண்டாம், திட்டு விழும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கிழிந்த வலையைச் சரிசெய்கிறவர்கள் நிதானமாகப் பேசுவார்கள். கையில் காசு புழங்காத நாட்கள் அவை, வருமானத்தை மட்டும் கேட்காதீர்கள்.