வீதியோரத்தில் நின்று சைக்கிளோட்டத்தைப் படமெடுத்தல்

உதைபந்தாட்டத்தில் தவறவிட்ட காட்சி இன்னொரு வடிவில் மறுபடி வரக்கூடும். வீதியில் நடக்கும் சைக்கிளோட்டம் அப்படியல்ல. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வீரர் ஒரு செக்கனில் 11 மீற்றரைக் கடக்கிறார். நூறு மீற்றருக்கு அப்பால் கண்ணில் பட்டவர் ஒன்பதாவது செக்கனில் உங்களைத் தாண்டிவிடுவார். எங்கே நிற்பது, வெளிச்சம் எந்தப் பக்கம், பின்னணியில் என்ன இருக்கிறது என்று அந்த ஒன்பது செக்கனுக்குள் யோசிக்க முடியாது. சனசமூக நிலையங்களின் புத்தாண்டுப் போட்டிகளிலும் பெரிய வீதியோட்டங்களிலும் பல ஆண்டுகள் நின்று பழகிய பின் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, நல்ல படம் முதல்நாள் மாலையிலேயே பாதி எடுக்கப்பட்டுவிடுகிறது என்பதுதான்.

ஏற்பாட்டாளர்களிடம் பாதையைக் கேட்டறிந்து, முதல்நாள் அதே பாதையில் சைக்கிளிலேயே சென்று பாருங்கள். எந்த முடக்கில் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது, எந்த மதகடியில் வீதி ஒடுங்குகிறது, எங்கே உங்கள் மூச்சு வாங்குகிறது என்பவை கால் மிதிக்கும்போதுதான் விளங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையேற்றம் இல்லை. ஆகவே வீரரின் சிரமத்தை ஏற்றத்தில் தேடாமல், காற்று அடிக்கும் வெளிகளிலும், முடக்கில் வேகம் குறைந்து மறுபடி எழுந்து மிதிக்கும் இடத்திலும், கடைசி ஒரு கிலோமீற்றரிலும் தேட வேண்டும். நிற்கும் இடத்தைத் தீர்மானித்ததும், வீரர் வரப்போகும் திசையில் கமராவைப் பிடித்துப் பின்னணியைக் கவனியுங்கள். பனைவரிசையும் கிடுகு வேலியும் அமைதியான பின்னணி. மின்கம்பமும் விளம்பரத் தட்டியும் வீரரின் தலையிலிருந்து முளைத்தது போல வந்து நிற்கும். இரண்டடி தள்ளி நின்றாலே பெரும்பாலும் இது சரியாகிவிடும்.

காற்றையும் திசையையும் சேர்த்து யோசிப்பதற்குப் பண்ணைத் தாம்போதி நல்ல எடுத்துக்காட்டு. கடலுக்குக் குறுக்கே போடப்பட்ட அந்த வீதி யாழ்ப்பாண நகரிலிருந்து தென்மேற்காகத் தீவகத்தை நோக்கிச் செல்கிறது. சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தீவுப் பக்கம் போகும் வீரர்களுக்கு அது எதிர்காற்று. முன்னால் ஒருவர் காற்றை உடைக்க, மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஒரே கோடாக நீள்வார்கள். அந்தக் கோட்டைக் கடல்நீர் பின்னணியாக வரும்படி பக்கவாட்டில் எடுத்தால், யார் உழைக்கிறார், யார் இளைப்பாறுகிறார் என்பது படத்திலேயே தெரியும். காலை வேளையில் வெளியே போகும்போது வெயில் அவர்களின் முதுகில் விழுவதால் முகம் இருண்டிருக்கும். திரும்பி நகரை நோக்கி வரும்போது அதே வெயில் முகத்தில் விழும், உடல் களைத்துமிருக்கும். முகப் படங்களுக்கு நான் எப்போதும் திரும்பி வரும் ஓட்டத்தையே வைத்துக்கொள்வேன்.

சித்திரைப் போட்டிகளில் வெயில் தனிச் சிக்கல். புத்தாண்டையொட்டிய நாள்களில், நண்பகல் 12 மணி கடந்து சில நிமிடங்களில், சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு நேரே வந்து நிற்கிறது. ஹெல்மெட்டின் விளிம்பும் தொப்பியும் கண்களை முழுவதுமாக மறைத்துவிடும். காலை 9 மணிக்குள் முகப் படங்களை முடித்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் தாழ அமர்ந்து, கீழிருந்து மேல்நோக்கி எடுங்கள். குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலுள்ள செம்மண் ஒழுங்கைகளில் நிலத்தில் பட்டெழும் வெளிச்சம் முகத்தின் அடிப்பக்கத்துக்கு ஓர் இளஞ்சிவப்புத் தன்மையைக் கொடுக்கும். தார் வீதியில் இந்த உதவி கிடைக்காது. வீரரின் முகத்துக்கு நேரே பிளாஷ் அடிப்பதை எந்நேரத்திலும் தவிருங்கள்.

கமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 70–200 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால் போதும். இல்லாதவர் முடக்கின் உட்புறத்தில் பாதுகாப்பாக நின்று சாதாரண லென்ஸால் எடுக்கலாம். குவியத்தைத் தொடர்ந்து பின்தொடரும் நிலையில் வையுங்கள்; கமராவின் வகையைப் பொறுத்து அது ஏஎஃப்-சி என்றோ ஏஐ சேர்வோ என்றோ குறிக்கப்பட்டிருக்கும். வெளிச்ச அளவைக் கமராவிடம் விடாமல் நீங்களே நிர்ணயிப்பது சிறந்தது. கறுத்த தார் வீதி படச்சட்டத்தை நிரப்பினால் கமரா ஏமாந்து வீரரின் வெள்ளைச் சட்டையை வெளிறச் செய்துவிடும். பளிச்சிடும் கடல்நீர் பின்னால் இருந்தால் முகத்தை இருட்டாக்கிவிடும். வெயில் மாறாத வரையில் ஒரே அளவே எல்லா வீரருக்கும் பொருந்தும்.

ஷட்டர் வேகத்தில்தான் படத்தின் குணம் தங்கியிருக்கிறது. 40 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டாகக் கடக்கும் வீரர், 1/1000 செக்கனில் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமாக நகர்கிறார். எதிரே வருபவரை உறையவைக்க இது தாராளம். ஆனால் உருளும் சக்கரத்தின் மேல்விளிம்பு வண்டியைப்போல் இரு மடங்கு வேகத்தில் முன்னோக்கி ஓட, நிலத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. அதனால் மேற்பக்கக் கம்பிகள் கலங்கியும் கீழ்ப்பக்கக் கம்பிகள் தெளிவாகவும் வரும் படத்தில் ஓட்டம் உயிரோடு இருக்கும். 1/500 அளவில் இதனை முயன்று பாருங்கள். ஷட்டர் வேகத்தை மிக உயர்த்தினால் கம்பிகள் எல்லாம் நின்று, வண்டி நிறுத்தி வைத்தது போலாகிவிடும்.

வேகத்தை இன்னும் அழுத்திக் காட்டுவது பானிங் முறை. 1/60 அல்லது 1/30 செக்கனில், வீரரோடு சேர்த்துக் கமராவைத் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். கால்களை வீரர் வந்து சேரும் இடத்துக்கு நேராக ஊன்றி, இடுப்பிலிருந்து மேற்பகுதியை மட்டும் திருப்புங்கள். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். எடுத்து முடிந்த பின்னும் திருப்பத்தை உடனே நிறுத்தாதீர்கள். தொடக்கத்தில் இருபது படங்களில் ஒன்று தேறினாலே மகிழலாம். காலையில் வீதியால் வேலைக்குப் போகும் சைக்கிள்கள் இதற்கு அருமையான பயிற்சிக் களம்.

ஊர்ப் போட்டிகளில் மெதுவான சைக்கிளோட்டத்தைத் தவறவிடாதீர்கள். கடைசியாக வருபவர் வெல்லும் இப்போட்டியில் கால் நிலத்தில் பட்டால் ஆட்டமிழப்பு. இங்கே அவசரமில்லை. நிலத்தோடு நிலமாக அமர்ந்து, கைபிடியை இறுகப் பற்றியதால் வெளுத்த விரல்களையும், இடமும் வலமுமாக நெளியும் முன்சக்கரத்தையும், நிலத்துக்கு இரண்டு விரல் உயரத்தில் தயங்கும் செருப்புக் காலையும் எடுக்கலாம். ஒரு சிறுமி மூச்சையடக்கி, உதட்டைக் கடித்தபடி நகர்ந்த அந்தப் படத்தைவிடச் சிறந்த படத்தை எந்தப் பெரிய ஓட்டத்திலும் நான் எடுத்ததில்லை. சிறுவர்களின் படங்களை வெளியிடுமுன் பெற்றோரின் சம்மதம் பெறுங்கள்.

முடிவிடத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் பதினைந்து இருபது மீற்றர் தள்ளி ஓரமாக நின்றால், கைகளை உயர்த்தும் வெற்றியாளரின் முகம் கிடைக்கும். நடுவரின் பார்வைக்கோட்டை எக்காரணம் கொண்டும் மறைக்கக் கூடாது. உங்கள் படத்தைக் காட்டி முடிவைத் தீர்க்குமாறு யாரும் கேட்டால் மறுத்துவிடுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் முன்பின் மாறித் தெரியும். 2017இல் டூர் டி பிரான்ஸ் போட்டியின் 7ஆம் கட்டத்தில் மார்செல் கிட்டெல் 6 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் வென்றதைக் கண்டறிந்தது, கோட்டை மட்டுமே ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான தடவை பதியும் தனிக் கமரா. முதலாமவர் வந்ததும் குனிந்து திரையைப் பார்க்காதீர்கள். ஒருமுறை நான் அப்படிப் பார்த்து நிமிர்ந்தபோது, மூன்றாவதாக வந்த பையன் தன் தகப்பனின் தோளில் முகம் புதைத்து அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதை இழந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. வீரர் கூட்டம் காற்றுக்கும் குழிக்கும் ஏற்ப வீதியின் முழு அகலத்துக்கும் அலைந்து வரும். முடக்கின் வெளிப்புறத்தில் நிற்காதீர்கள். வழுக்கும் வண்டிகள் அங்கேதான் வந்து விழும். லென்ஸையோ பையின் பட்டியையோ வீதிக்குள் நீட்டாதீர்கள். முன்னால் செல்லும் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து எடுப்பதற்கு ஏற்பாட்டாளரின் அனுமதியும் அனுபவமுள்ள ஓட்டுநரும் வேண்டும். அவை இல்லையெனில் ஒரே இடத்தில் நின்று எடுப்பதே மேல்.

முன்னணியினர் கடந்ததும் இடத்தைவிட்டுப் போய்விடாமல் கடைசி வீரர் வரும்வரை நில்லுங்கள். றேசிங் சைக்கிள்களுக்கு அரை மணித்தியாலம் பின்னால், கரியர் பூட்டிய சாதாரண லுமாலா சைக்கிளில் தனியாக மிதித்து வருபவரை வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போனதும் இலக்கத் தகட்டைப் பார்த்து, பதிவுப் பட்டியலிலுள்ள பெயரோடு ஒப்பிட்டு, படக் கோப்புக்குப் பெயரிடுங்கள். அன்றிரவே பத்துப் பதினைந்து படங்களைத் தெரிந்து கழகத்துக்கு அனுப்புங்கள். கடைசியாக வந்தவரின் படமும் அவற்றில் இருக்கட்டும்.